டூட்டி முடிந்து வந்தவருக்கே நடை

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஃப்ரிட்ஜ் மேலிருந்த செஸ் போர்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் ஐடி கார்டு. என் வெள்ளை ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு, கறுப்பு ராஜா வந்து நின்றுகொண்டிருந்தது. ராத்திரி மில்லிலிருந்து வந்து, என்னை எழுப்பாமல் அதை அங்கே நகர்த்திவிட்டுப் படுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர் பாக்கியநாதன்.

"பாவி" என்றேன். பாவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையுமாக எங்கள் வாடகை வீடு. நான் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் காலை ஷிப்ட். அவர் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லில் மதியம் ஷிப்ட். நான் வீடு திரும்பும்போது அவர் போயிருப்பார், அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். கல்யாணமான தம்பதி என்று ரேஷன் கார்டு சொல்வதால் நம்பவேண்டியிருந்தது. பேச நேரமில்லாத இந்த வீட்டில் பேச்சுக்குப் பதிலாக ஒரு செஸ் போர்டு வந்தது. பொன்னேரி மார்க்கெட்டில் வாங்கிய காந்த போர்டு, காய்கள் ஒட்டிக்கொள்ளும். அவர் மில் கேன்டீனில் ஆடிக் கற்றவர். நான் கம்பெனி பஸ்ஸில் போனில் வீடியோ பார்த்துக் கற்றவள். வேலையிலிருந்து வந்ததும் ஆளுக்கு ஒரு நடை நகர்த்துவோம்.

டூட்டி முடிந்து வந்தவருக்கே நடை. இது நான் போட்ட சட்டம். ஒருமுறை அவர் வார லீவில் வீட்டில் கிடந்துகொண்டு, காலையில் ஒரு நடை மாலையில் ஒரு நடை என்று நகர்த்தி வைத்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றைக்கே சொல்லிவிட்டேன்: டூட்டிக்குப் போய்விட்டு வந்தால்தான் காயைத் தொடலாம். போகவில்லையா, நடை இல்லை. அப்புறம் ஃபர்னஸ் ரிப்பேர் என்று மில்லை மூடியபோது, அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் டூட்டிக்குப் போய் வந்து அடுத்தடுத்து நகர்த்தி அவருடைய குதிரையைத் தூக்கினேன். "சட்டம் சட்டம்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அந்தக் குதிரையின் புண்ணியத்தில்தான் இன்றைக்கு என்னிடம் ராஜாவோடு ஒரு சிப்பாய் மிச்சம். அவரிடம் வெறும் ராஜா மட்டும்.

இந்த ஆட்டத்தில்தான் என் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் லைனை அப்படியே ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கூட வருகிறவர்களுக்கு பெர்மனன்ட், தங்க ஹாஸ்டல். வராதவர்களுக்கு கேட்டுக்கு வெளியே டாட்டா. எனக்கு ஓசூர் வேண்டும். பத்தாவது முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவள் நான். இன்னும் கழுத்தில் கான்ட்ராக்ட் கார்டுதான்.

"ஊட்ல இரு. நான் சம்பாரிக்கிறது பத்தாதா?" என்றார் அவர். ரொம்ப காலம் கான்ட்ராக்டில் கிடந்து இப்போதுதான் பெர்மனன்ட் ஆனவர், மில்லை விட்டு வர மாட்டார். கிடைத்த கொஞ்ச நேரமெல்லாம் சண்டையிலேயே போனது. ஒருநாள் ஆத்திரத்தில், "இந்த ஆட்டத்துல நான் ஜெயிச்சா போவேன்யா" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "செரி. ஆனா சமமா முடிஞ்சாலும் நீ போவக் கூடாது" என்றார். அந்தக் கோபத்தில் அதற்கும் தலையாட்டினேன். என் வாய் என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ராஜா இன்னொரு ராஜாவை ஒட்டி நிற்க முடியாது. அதனால் இரண்டும் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால், யாரும் முன்னால் போக முடியாது. யாருடைய முறையோ அவர் விலகித்தான் ஆகவேண்டும். விலகினால் மற்றவர் பிடித்தது பிடி. சாதாரண ஆட்டத்தில் நடை கிடைப்பது வரம், இந்த இடத்தில் நடை கிடைப்பதுதான் சாபம். அவர் விலகினால் என் ராஜா உள்ளே நுழையும், பின்னாலேயே சிப்பாய் கடைசிக் கட்டம் வரை போய் ராணியாகிவிடும். நான் விலகினால் அவர் என் வழியில் மறுபடி மறுபடி வந்து நின்றுகொண்டே இருப்பார். ஆட்டம் சமம். ஓசூர் இல்லை.

இப்போது முறை என்னுடையது.

இதற்கும் காரணம் என் அவசரம்தான். முந்தின நாள் சாயங்காலம் ராஜாவுக்கும் சிப்பாய்க்கும் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டு வைத்திருந்தால், இப்போது ராஜாவை அசைக்காமல் சிப்பாயை ஒரு அடி தள்ளிவிட்டு, 'இப்ப நீ நகருய்யா' என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவரோடு சண்டை போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்த் திரும்பியவள், ஏதாவது ஒன்றைத் தள்ளினால்தான் ஆறும் என்று சிப்பாயைத் தள்ளி ராஜாவின் முதுகோடு ஒட்டி வைத்துவிட்டேன். எனக்குச் சும்மா இருக்க வராது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன், பஸ் வரும்வரை ஸ்டாப்பில் நிற்காமல் எதிரே நடந்துகொண்டிருப்பேன்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கதவு வரை போனேன், திரும்பி வந்தேன். டூட்டிக்குப் போனால் திரும்பி வந்து நகர்த்தியாக வேண்டும். போகாவிட்டால்?

போகாவிட்டால் எனக்கு நடை இல்லை. ஆனால் அவர் மதியம் மில்லுக்குப் போய்விட்டு வருவார். வந்தால் அவர் நகர்த்தவேண்டும். சட்டம் சட்டம்தான்!

ஐடி கார்டை ஆணியில் மாட்டினேன். சூப்பர்வைசர் பீட்டர் சாருக்கு போன் போட்டுக் காய்ச்சல் என்றேன்.

"இந்த நேரத்துல லீவா சுகிர்தா? திங்கக்கெழம காலைல யாரு யாரு வராங்கன்னு நான் ஓசூருக்கு சொல்லியாவணும். நீ இன்னும் வாயத் தொறக்க மாட்றியே. எனக்கு ஒரே பேஜாரா கீதும்மா."

"திங்கக்கெழம சொல்லிட்றேன் சார்."

"சொல்லலன்னா உன் எடத்துக்கு வேற ஆள் பாத்துடுவாங்க. அப்பால என்னக் கொற சொல்லாத."

பஸ் பின்னாலேயே ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறியபின் எழுந்த பாக்கியநாதன் என்னைப் பார்த்தார்.

"இன்னா, டூட்டிக்குப் போவல?"

"ஒடம்பு செரியில்ல."

என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். பல் தேய்த்து, நாஷ்டா தின்று, குளித்துவிட்டு வந்தார். யூனிஃபார்மைத் தொடவில்லை. லுங்கியை மாற்றிக்கொண்டு மறுபடி பாயில் நீட்டினார்.

"டைம் ஆவுதே, கெளம்பல?" என்றேன்.

"எனக்கும் ஒடம்பு செரியில்ல."

அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கம்பி இழுத்த ஆள். எங்கள் கல்யாணத்துக்கே அவருடைய வார லீவு பார்த்துத்தான் நாள் குறித்தார்கள்.

"நீ பெர்மனன்ட்யா. போவலன்னா மெமோ குடுப்பான்."

"நீ கான்ட்ராக்ட்டு. போவலன்னா ஆளையே எடுத்துடுவான்" என்றார். "நீ போ."

"நீ போ."

இப்படித்தான் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தோம். நடுவில் ஃப்ரிட்ஜ். அதன்மேல் இரண்டு ராஜாக்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கூடூர் பக்கம் போகும் ரயில் ஒவ்வொன்றுக்கும் வாசலுக்குப் போய் நின்றேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். என் இடத்தில் யாரை நிற்க வைத்திருப்பார்கள், சிவப்பு வயரைச் சரியாகக் குத்துவாளா, பீட்டர் சார் ஏற்கெனவே வேறு யாரிடமாவது பேசிவிட்டாரா. அவரோ பாயில் மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுப் பிள்ளையார் மாதிரி இந்த ஆளால் எத்தனை நாளும் கிடக்க முடியும். நானோ விடிந்ததும் டூட்டிக்குக் கிளம்பிவிடுவேன். தோற்றுவிட்டேன் என்றே முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை காலையிலும் பஸ் ஹாரன் அடித்தது. தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். அது போனதும் எழுந்து போர்டுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் ராஜாவையே பார்த்தேன். அதுவும்தான் நின்ற இடத்தில் நிற்கிறது. நிற்பதால்தான் அதற்கு மரியாதை. நகராமல் இருப்பதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வேலை என்று நினைத்துவிட்டால் எனக்கு எதுவும் செய்ய வரும். முருங்கைக்கீரையை மடியில் கொட்டி ஆற அமர உருவ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அவரைக் கவனித்தேன். கல்லுப் பிள்ளையார் எழுந்துவிட்டது. குழாயைக் கழற்றினார், வாஷரைப் பார்த்தார், ஒன்றும் கெட்டிருக்கவில்லை, திரும்ப மாட்டினார். ஃபேன் இறக்கையைத் துடைத்தார். பைக்கைக் கழுவினார். டீ குடிக்கப் போனார், வந்தார், மறுபடி டீ குடிக்கப் போனார். மதியம் ஷிப்ட் மாறும் சங்கு தூரத்தில் ஊதியபோது, தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்து காலில் பூட்ஸைத் தேடினார். பூட்ஸ் போடவில்லை என்பது தெரிந்ததும், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி படுத்தார்.

"இன்னாய்யா, கொசு கடிக்குதா?" என்றேன்.

"நீ கீரய உருவு."

சந்தோஷமாக உருவினேன். இத்தனை நாளும் அவர் அமைதியானவர் என்று நினைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார். பகல் முழுக்க விழித்திருக்கும் பாக்கியநாதனை நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வார லீவு, மில்லுக்குக் கிடையாது. சர்ச்சுக்குக் கிளம்பினேன்.

"சர்ச்சுக்குப் போறது டூட்டி கணக்குல வருமா?" என்றார் குதர்க்கமாக.

"கர்த்தருக்கே ஷிப்ட்டு போட்டுட்டியாய்யா நீ?"

பைபிளில் மனம் போகவில்லை. நாளைக் காலை பீட்டர் சாருக்குப் பதில் சொல்லவேண்டும். இவர் இன்றைக்கும் நகரவில்லை என்றால் எல்லாம் முடிந்தது. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியபோது, நான் என் வீட்டுக்காரருக்கு வேலைக்குப் போகும் புத்தியைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டிய மனைவிமார் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். என் காரணம் மட்டும் யாருக்கும் இருந்திருக்காது.

வீட்டுக்குள் நுழையும்போது அவர் போன் அடித்தது. மில்லில் அவரோடு ஒரே மெஷினில் நிற்கும் தேசப்பன். ஸ்பீக்கரில் பின்னால் பம்பைச் சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்டன.

"அண்ணா, பெரியபாளையத்துக்குக் கெளம்பிட்டோம்ணா. புள்ளைக்கு மொட்ட. ஆடி மாசத்துக்கு மின்னாடியே சொல்லி வாங்குன லீவு. ரெண்டு நாளா நீ வரலன்னு நான்தான் டபுள் டூட்டி பாத்தேன். இப்ப இன்னைக்கும் வான்னு போன் மேல போன் போட்றாங்க. வண்டில எல்லாரும் ஏறி குந்திகினு கீறாங்க. நீ எப்டி கீற? ஒடம்பு பரவால்லியா?"

பாக்கியநாதன் போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். மாட்டிக்கொண்டாரா! இனி போயே ஆகவேண்டும். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒருவன் தூங்காத கண்ணோடு, இவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். இவர் காதுமடல் சிவந்துவிட்டது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும் சண்டைக்கு, தேசப்பன் உலைச் சூட்டில் இரண்டு பங்கு நின்றிருக்கிறான்.

"நீ மொட்ட போட்டுனு வா. நான் போறேன்" என்று போனை வைத்தார்.

யூனிஃபார்மை எடுத்தார். பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். கதவுக்கு அருகில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீ நெனச்சா சொல்லலாம், இந்த ஒரு டூட்டி கணக்குல வராதுன்னு. தேசப்பனுக்காகத்தான் போறேன்."

நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நல்ல பெண்டாட்டி என்று பெயர் வாங்கியிருப்பேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இந்த ஒற்றை அறையில் காலத்துக்கும் கீரை உருவிக்கொண்டிருக்கலாம்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் போனபிறகுதான் வீடு என்னைப் படுத்தியது. சனிக்கிழமை வந்த நிதானமெல்லாம் காணாமல் போனது. அவர் திரும்பி வந்து என்ன செய்வார்? நகர்த்த மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணுவாரா? காயைக் கலைத்துவிடுவாரா? நான் அவரிடம் கருணை இல்லாமல் நடந்துகொண்டேனா? அறைக்குள்ளேயே நடந்தேன். ஃப்ரிட்ஜ் பக்கம் போகும்போதெல்லாம் விரல் காயை நோக்கிப் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படியே எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

திங்கட்கிழமை காலையில் நான் கண் விழித்தபோது டீ வாசனை வந்தது. வெயில் ஏறும்வரை தூங்குகிற மனிதர், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், என் ஸ்டூலில், என் இடத்தில், போர்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பார்த்தேன். கறுப்பு ராஜா வலப் பக்கமும் விலகவில்லை, இடப் பக்கமும் விலகவில்லை. நின்ற கட்டத்திலேயே படுத்துக் கிடந்தது. ராஜாவைச் சாய்த்துவிட்டால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

"இன்னாய்யா இது?"

"எந்தப் பக்கம் போனாலும் நீ உள்ள பூந்துடுவ. அப்பால இன்னாத்துக்கு நகத்திகினு?"

"நான் உள்ள பூந்ததும் அவசரப்பட்டு சிப்பாயத் தள்ளுனா நீ தப்பிச்சிடுவல்ல?"

"அதான் ராத்திரி பூரா யோசிச்சேன். நீ தள்ளுவ, நான் முட்டி நின்னுக்கலாம்னு" என்றார். டீயை என் கையில் கொடுத்தார். "நேத்து மில்லுக்குள்ள போயி கம்பியப் புடிச்சதும்தான் மூச்சு வந்திச்சி சுகி. ரெண்டு நாள் ஊட்ல குந்தினதுக்கே நல்லா இருந்த குழாவக் கழட்டி மாட்னேன். உன்னப் போயி ஆயுசுக்கும் குந்துன்னு சொல்லிகினு கீறேனே. நானும் ஒரு மனுசனா?"

ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டியவள், டீ தம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஓசூர் வேண்டும். இந்த ஆளும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்க ஒரு சட்டம் போட எனக்குத் தெரியவில்லை.

"அப்போ நீ?" என்றேன்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் ராஜாவை எடுத்துப் பழைய கட்டத்தில் நிறுத்தினேன். அதை ஒரு கட்டம் ஓரமாக விலக்கினேன். என் ராஜாவை அடுத்த பக்கமாக முன்னால் ஏற்றினேன். சிப்பாயைத் தொடவில்லை.

"பாரு. ராஜாதான் மொதல்ல போவணும். போயி எடத்தப் புடிக்கணும். சிப்பாய் அப்பால வரும். அவசரமே இல்ல."

"அப்ப நான் சிப்பாயா?"

"கடைசிக் கட்டம் வந்து சேரு, ராணியாக்கிட்றேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கையை நீட்டி, போர்டில் தனியாக நின்ற என் சிப்பாயைப் பிடுங்கி, யூனிஃபார்ம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போர்ட நீ எடுத்துனு போ. இத நான் வர்றப்ப எடுத்தாறேன்."

பஸ் ஹாரன் அடித்தது. ஆணியிலிருந்து ஐடி கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். முன் சீட்டில் பீட்டர் சார் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே, படியில் நின்றபடியே, வரேன் என்று சொல்லிவிட்டேன்.